ஒன்றுபோல் மூன்று வெங்காயம்

ஈனிட் சோவர்பி இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில், மாவு உப்பி எழும் புட்டிங் சுடுகிறவர். தினம் நூற்று நாற்பது, எல்லாம் ஒரே உயரம். ஒன்று மட்டும் கூடுதலாக உப்பிவிட்டால், அது யாருக்கென்று பிள்ளைகளின் மேசையில் சண்டை. அவர் வீட்டு மாடியறையில்தான் நான் குடியிருக்கிறேன்.

அவருக்கு ஒரே ஆசை: செப்டம்பர் காய்கறிக் கண்காட்சியில், வெங்காயத்துக்கான சிவப்பு அட்டை. முதல் பரிசென்றால் இங்கே அந்த அட்டைதான். ஆறு வருடமாக அதை அடுத்த வீட்டு வால்டர்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

'மூன்று வெங்காயம், ரகத்துக்கு டிபிக்கலானவை' என்பது விதி. தெருவில் அந்தச் சொல்லுக்கு மரியாதை கிடையாது. பஸ் வராவிட்டால், வேறென்ன நடக்கும் என்கிற சலிப்பில் 'டிபிக்கல்' என்று முணுமுணுப்பார்கள். துணி காயப்போட்டதும் மழை வந்தால், அதற்கும். கண்காட்சி மேசையிலோ அதைவிடப் பெரிய பாராட்டில்லை. இந்த ரகம் எப்படியிருக்கும் என்று கேட்பவருக்கு எடுத்துக் காட்டத் தக்கது என்று பொருள். பெரியதோ அபூர்வமானதோ அல்ல. இது ஈனிட்டுக்கும் தெரியும். தெரிந்தும் வருடாவருடம் தட்டில் மற்ற இரண்டோடு ஒரு பூத வெங்காயத்தை வைத்துவிடுவார். வளர்த்த கை கேட்காது.

இந்த வருடத்துப் பூதம் குழந்தைத் தலையளவு. ஆலங்கட்டி மழையில் அதற்குக் குடை பிடித்திருக்கிறார்.

முந்தின நாள் மாலை வால்டர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஈனிட், இந்தத் தடவையும் அப்பா ஒண்ணு, புள்ளைங்க ரெண்டா?"

"உன் வேலையப் பாரு, வால்டர்."

"பாத்துட்டேன். அட்டை மாட்ட ஆணிகூட அடிச்சாச்சு."

ஈனிட் உள்ளே வந்து பதினோரு வெங்காயங்களை மேசையில் வரிசையாக வைத்தார். குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். அடுப்பிலிருந்து எடுத்த புட்டிங் தட்டை அவர் பார்க்கும் பார்வை அது. பிறகு பூதத்தைத் தூக்கினார்.

"இது ஒண்ணு மட்டும் பெருசா இருந்தா மத்த ரெண்டும் அழும்," என்று அதை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினார். மீதிப் பத்தில் ஒரே உயரமான மூன்றைப் பொறுக்கினார்.

மறுநாள் நடுவர் ஈனிட்டின் மூன்றையும் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாராம். கடைசியில் எது எங்கே இருந்ததென்று அவருக்கே தெரியவில்லையாம். இரண்டு மணிக்குக் கண்காட்சிக் கூடத்தின் கதவு திறந்தபோது தட்டருகே சிவப்பு அட்டை நின்றது. அதில் நடுவர் கைப்பட ஒரே வரி: 'மிகவும் டிபிக்கல்.'

வால்டர் தட்டின்மேல் குனிந்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எது பெருசுன்னே தெரியலையே."

"தெரியக்கூடாது, கண்ணு," என்றார் ஈனிட். கூடமே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூதம் சூப்பானது. சாப்பிட வந்த வால்டர் ஒரு கையில் சுத்தியல் வைத்திருந்தார். இன்னொரு கையில், தன் வீட்டுச் சுவரிலிருந்து பிடுங்கிய அந்த ஆணி.