அக்காவின் மத்தியான வெயில்

ஒக்டோபர் பிறந்தால், ஜெர்மன் பேசும் இந்த ஆரா நகரில் ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி எழுந்து வீடுகளின் மேல் படுத்துவிடும். நாட்கணக்கில் சூரியனைக் காண முடியாது. இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. காரணமில்லாமல் கோபம் வரும். பிள்ளைகள்மேல் கத்திவிட்டுக் குளியலறைக்குள் நின்று அழுவேன். வைத்தியர் சொன்னபடி நேரத்துக்குப் படுத்தும் பார்த்தேன், கைத்தொலைபேசியைத் தூர வைத்தும் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருக்கிறார். என்னைவிட மூன்று வயது கூட, அதனால் அக்கா என்பேன். அந்தப் பனிக் காலத்திலும் அவர் முகம் தெளிவாகவே இருக்கும். நான் தட்டுகளைப் போட்டு உடைத்தாலும், "சரி, விடும்" என்று சிரித்துக்கொண்டே கூட்டி அள்ளுவார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் இரண்டரை மணி நேர இடைவேளை உண்டு. ஆனால் ஒருவர்தான் போகலாம். மற்றவர் நின்று முதியவர்களுக்குக் கோப்பியும் கேக்கும் கொடுக்க வேண்டும். முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று இடைவேளை எப்போதும் அக்காவுக்கே. குளிர் அங்கியை மாட்டிக்கொண்டு போவார், கன்னம் சிவந்து திரும்பி வருவார். எங்கே போகிறார் என்று கேட்க எனக்குக் கூச்சம். எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று அவருக்கு நாளாந்தம் கிடைக்கிறது என்பது மட்டும் விளங்கியது.

கடைசியில் ஒரு நாள் பொறுப்பாளரிடம் போய், முழங்கால் நோகிறது, மத்தியானத்தில் படுக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். அவர் உடனே வேலை அட்டவணையை மாற்றினார். இடைவேளை எனக்கு, கோப்பியும் கேக்கும் அக்காவுக்கு.

நான் வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் படுத்தேன். எழும்பும்போது தலை பாரமாக இருந்தது, கோபமும் கூடியிருந்தது. அக்காவோ ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது கிழமை, வேலை செய்யும்போது வழக்கமாக முணுமுணுக்கும் பாட்டை அவர் நிறுத்தியிருந்தார். அதைக் கண்டு நான் கொஞ்சம் சந்தோசப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"முழங்கால் எப்பிடி?" என்று அந்தக் கிழமைக் கடைசியில் அக்கா கேட்டார்.

"பரவாயில்லை அக்கா."

"அப்ப வீட்டை போய்ப் படுத்துக் கிடவாதையும். மலைக்குப் போற பஸ்ஸிலை கடைசித் தரிப்பு மட்டும் போம். பக்கத்திலையே ஆக்கள் இருக்கிறதுக்கு ஒரு மர வாங்கு இருக்கு. சும்மா இரும், அவ்வளவுதான். நடக்கவும் தேவையில்லை, உம்மடை காலுக்கும் சுகம்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் போனேன். பாதி ஏற்றத்தில் பஸ்ஸுக்குள் வெளிச்சம் வந்தது. மேலே வெயில். பனி கீழே வெள்ளைக் கடலாகக் கிடந்தது, எங்கள் சமையலறையும் அதற்குள்தான். வாங்கில் ஒருவர் இருந்தார். அவருடைய நாய் பஸ் கதவுக்கு ஓடி வந்து, என்னை முகர்ந்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. கதவு மூடியதும் தலையைத் தொங்கப்போட்டது.

"நாள்தோறும் இங்கே வரும் உங்கள் நாட்டுப் பெண்மணி இன்றும் வரவில்லையா?" என்று அவர் ஜெர்மனில் கேட்டார்.

"வேலை," என்றேன்.

"அப்படியா. இந்த வாங்கில் இனி மூன்று கிழமைதான் வெயில். பிறகு சூரியன் அந்த மரங்களுக்குப் பின்னால் போய்விடும்."

முகத்தில் சூடு பட்டது. மூச்சு தானாக ஆறியது. ஆனாலும் ஒரு நாய்கூட அக்காவைத்தான் தேடுகிறதே என்று எரிச்சல். அந்த எரிச்சலோடு சேர்ந்து, அவருடைய வெயிலில் இரண்டு கிழமையை நான் தின்றுவிட்டேன் என்பதும் உறைத்தது.

திரும்பியதும் பொறுப்பாளரிடம் கால் சுகம் என்றேன். பிறகு, முதல் தடவையாக, பொய்க் காரணம் சொல்லாமல் அவரிடம் ஒன்று வாய் திறந்து கேட்டேன்: ஒரு நாள் அக்காவுக்கு, ஒரு நாள் எனக்கு. அவர் தலையாட்டினார். அக்காவிடம் வந்து, "என்ரை காலிலை ஒரு வருத்தமும் இருக்கேல்லை அக்கா," என்றேன்.

"எனக்குத் தெரியும். நோகிற காலோடை ஆர் ரெண்டு ரெண்டு படியாத் தாவி வாறது?" என்று சிரித்தார். "நாய் என்னைத் தேடினதோ?"

"ஓம்," என்றேன். சொல்ல மனமே வரவில்லை.

என் முறை நாட்களில் இப்போது பொக்கற்றில் நாய் பிஸ்கற் கொண்டு போகிறேன். தின்றுவிட்டு அது இன்னும் பஸ் கதவையே பார்க்கிறது.