சைக்கிளை முடக்கில் விடச் சொன்ன நாள்

எங்களிடம் கார் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காரை ஓட்டுவது நான். என் கணவர் நாங்கள் இருக்கும் ரொம்சோஸிலிருந்து, தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு, வருடம் முழுக்கச் சைக்கிளில்தான் போவார். பனி கொட்டினாலென்ன, மழை பெய்து அது தெருவிலேயே உறைந்து கிடந்தாலென்ன, சைக்கிள்தான்.

அவர் ஒருநாளும் விழுந்ததில்லை. குளிர் தொடங்கும் முன்பே ஆணி பதித்த ரயர்களை மாட்டிவிடுவார். நிலத்தில் நன்றாகப் படியட்டும் என்று காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பார். வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைப்பார், வளைவுக்குள் பிரேக்கைத் தொடவே மாட்டார். அவருடைய சீனி வருத்தம் அடங்கியது அந்தச் சைக்கிளால்தான். அதைவிட, மூக்கு ஒழுக வீட்டுக்குள் வரும்போது மனுசன் சந்தோசமாக இருப்பார். இதெல்லாம் தெரிந்தும் எனக்கு வெட்கமாக இருந்தது.

நோர்வேக்காரர் சைக்கிளில் போனால் ஆரோக்கியம். எங்கள் ஆள் போனால், லைசென்சைப் பறித்துவிட்டார்களோ, வேலை போய்விட்டதோ என்று கதை. பக்கத்து நகரமான திராமனிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரி சனத்துக்கு முன்னால் வைத்து, "என்ன, அண்ணைக்கு இன்னும் ஒரு கார் எடுத்துக் குடுக்கேல்லையோ?" என்று கேட்டாள். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

பிறகு ஜனவரியில் என் தம்பியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வந்தது. இவர்தான் ஞானத்தகப்பன். அன்று காலை இவருக்கு வேலை. முடித்துவிட்டு நேரே கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. நான் போய்க் காரில் ஏற்றி வந்திருக்கலாம். பலகாரம் ஏற்றும் மும்முரத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியதெல்லாம் அவருடைய தோல் சப்பாத்தை மினுக்கி அவர் பையில் வைப்பதுதான்.

"கோயிலடிக்குச் சைக்கிளிலை வந்து நிக்காதேங்கோ," என்றேன். "முடக்கிலை, தெரு திரும்பிற இடத்திலை இருக்கிற பள்ளிக்கூடத்தடியிலை பூட்டிப்போட்டு, சப்பாத்தை மாத்திக்கொண்டு நடந்து வாங்கோ. சனம் முழுக்க வாசல்லை நிக்கும்."

"அங்கையிருந்து கோயிலுக்கு வாற இறக்கம் வழுக்குமப்பா."

"கொஞ்சத் தூரம்தானே. ஒரு நாளைக்காவது மனுசர் மாதிரி வாங்கோ."

மனுசர் மாதிரி. அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

பூசை தொடங்கிய பிறகு, சுணங்கித்தான் அவர் வந்தார். கோட்டின் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. மெழுகுதிரியை இடது கையில் பிடித்தார். வலது கையில் பிடிக்கும்படி கண்ணைக் காட்டினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மனுசன் என்னோடு கோபித்துக்கொண்டு முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்து, நானும் மூஞ்சியை நீட்டிக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி கொடுக்கும்போதுதான் தம்பி அந்தக் கையைப் பார்த்தான். மணிக்கட்டு பொங்கிப் போயிருந்தது. "என்ன அத்தான் இது? சைக்கிளிலை விழுந்திட்டியளோ?"

எல்லோரும் திரும்பினார்கள். அவர் ஒருதரம் என்னைப் பார்த்தார். "ஓம்," என்றார். "சைக்கிளிலைதான்."

நான் வடைத் தட்டோடு நின்றேன். பிறகு அடுத்த மேசைக்கு வடை கொடுக்கப் போனேன்.

எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "பின்னை என்னத்தைச் சொல்ல? நீர் நடக்கச் சொன்னனீர் எண்டோ?" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன்.

அந்தக் கிழமை முழுக்கச் சூப்பும் பழமுமாகச் சனம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் சைக்கிளைத் திட்டினார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தம்பியின் மனைவி பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "அண்ணை, உங்கடை ஞானப்பிள்ளையின்ரை தலையிலை கை வைச்சுச் சொல்லுங்கோ, இனிச் சைக்கிளைத் தொடமாட்டன் எண்டு."

அவர் பிள்ளையைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை.

"அவர் சைக்கிளிலை விழேல்லை," என்றேன். "நான்தான் சனம் பாக்கும் எண்டு வெக்கப்பட்டு, சைக்கிளை விட்டிட்டு நடந்து வரச் சொன்னனான். நடந்து வரேக்கைதான் விழுந்தவர்."

தம்பியின் மனைவி சிரித்தாள். "அண்ணை தன்ரை வாயாலை சொன்னவர், சைக்கிளிலைதான் எண்டு. மனுசன் சைக்கிளை விடமாட்டாமல் இருக்கிறதைப் பாத்து, மச்சாள் பழியைத் தன்ரை தலையிலை போடுறா."

"உண்மையாத்தான் சொல்லுறன்," என்றேன். இன்னும் சிரித்தார்கள். "அக்கா மாதிரி ஒராள் கிடைக்க அத்தான் குடுத்து வைச்சிருக்க வேணும்," என்றான் தம்பி. அவர் இடது கையைப் பிள்ளையின் தலையில் வைத்துச் சத்தியம் பண்ணினார்.

கை சரியாகிவிட்டது. இப்போது நிலக்கீழ் ரயிலில் போய்வருகிறார், வெயில் எறிக்கும் நாட்களிலும். சீனி மறுபடியும் ஏறிவிட்டது. சைக்கிளை நான் எடுத்துத் துடைத்து வாசலில் வைத்துப் பார்த்தேன். பிள்ளையின் தலையில் அடித்த சத்தியமல்லவா, அவர் தொடவில்லை.

போன பூசைக்குப் பிறகு தம்பியின் மனைவி, ஊரிலிருந்து புதிதாகக் கலியாணம் கட்டி வந்த ஒரு பெண்ணிடம் என்னைக் காட்டி, "மனுசனுக்காகப் பொய்ப்பழியைத் தன்ரை தலையிலை ஏத்தினவ, இவவைப் பாத்துப் பழகு," என்றாள். அவர் என் பக்கத்தில்தான் நின்றார். ஓம் என்று தலையாட்டினார்.