அழைப்பு மணியில் எழுதாத பெயர்

அப்பா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், திருப்பலிக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் அன்பு வணக்கம். அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து உங்களிற் சிலர் திகைத்திருப்பீர்கள். பலெர்மோவில் பல ஆண்டுகள் அப்பாவுடன் பழகியவர்கள்கூட அவரை 'மட்டக்களப்பு அண்ணன்' என்றே அறிவீர்கள். அவருக்கு ஃபுர்ட்வார்ட் என்றொரு குடும்பப் பெயர் இருந்தது பலருக்கு இன்றுதான் தெரியவந்திருக்கும். தெரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே அவர் பாடுபட்டார். அந்தப் பெயரை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை. எழுதும்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயமும் அவரிடமிருந்து வந்த சொத்துத்தான்.

அப்பா மட்டக்களப்பு வாவிக் கரையில், பறங்கியர் குடும்பமொன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். ஒல்லாந்தர் கோட்டைக்கு வேலைக்கு வந்த யாரோ ஒரு தச்சனின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று வீட்டில் பேசிக்கொள்வார்களாம். அந்தத் தச்சன் ஒல்லாந்தனும் இல்லை, ஜேர்மன்காரன் என்பது வரைக்கும் தெரியும். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவன் விட்டுச்சென்றது இரண்டு. ஒன்று உளி, மற்றது பெயர். பள்ளிக்கூடத்தில் அப்பாவை 'புட்டு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வாத்தியார்கள் வரவு இடாப்புக் கூப்பிடும்போது அந்த இடத்தில் வந்து ஒருமுறை இருமிவிட்டுத்தான் வாசிப்பார்களாம். தமிழைத் தவிர வேறு மொழியில் சண்டைபிடிக்கத் தெரியாத அப்பாவுக்கு அப்படியொரு பெயர்.

தகப்பனாரை இளவயதிலேயே இழந்து, தச்சுப் பட்டறையைத் தனியே தாங்கி, தம்பியைப் படிக்கவைத்தவர் அப்பா. அந்தத் தம்பி, என் சித்தப்பா, போர்க்காலத்தில் காணாமற்போனார். எப்படி என்று நான் சிறுமியாக இருந்தபோது கேட்டால் அப்பா எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருவார்.

பிறகு அப்பா இத்தாலிக்கு வந்தார். வன்னியிலிருந்து வந்திருந்த அம்மாவை இங்கேதான் மணந்தார். ஆரம்ப ஆண்டுகளில் சியாகுல்லித் தோட்டங்களில் மன்டரின் தோடம்பழம் ஆய்ந்தார். பின்னர் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்னும் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடங்களில் படிக்கட்டுத் துடைக்கும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் பித்தளை அழைப்பு மணிப் பலகை இருக்கும். அதில் எல்லாக் குடும்பங்களின் பெயரும் வரிசையாக இருக்கும். அவற்றை அப்பா பளபளவென்று துடைப்பார். எங்கள் வீட்டு மணியில் மட்டும் எங்கள் பெயர் இருந்ததில்லை.

அல்பெர்கேரியாவில், பல்லாரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். எங்களுக்கு முன் குடியிருந்த யாரோ ஒருவரின் மங்கிய பெயர்தான் மணியில் கிடந்தது. நீங்கள் கீழே ஒழுங்கையில் நின்று கூப்பிடுவீர்கள். அம்மா மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், கூடைக்குள் வாசற்கதவுத் திறப்பு இருக்கும். இது ஏதோ சிக்கன ஏற்பாடு என்று நினைத்துச் சிரித்திருப்பீர்கள். எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதி இந்த ஏற்பாட்டில் தொலைந்தன.

பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தால் அப்பாவுக்குக் காய்ச்சலே வந்துவிடும். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்துக்குப் போவார். ஒருமுறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி பெயரைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி பெயரைப் பார்த்தார். "தெதெஸ்கோ?" என்று கேட்டுச் சிரித்தார். ஜேர்மன்காரரா என்று பகிடி விட்டிருக்கிறார், அவ்வளவுதான். அப்பாவின் முதுகில் கோட்டு நனைந்துவிட்டது.

"என்னப்பா இது, அந்த மனிசன் பகிடிதானே விட்டவர்? உங்களைத் தூக்கிலயா போடப் போறாங்கள்?" என்றார் அம்மா.

"சிரிச்சுக்கொண்டு கேக்கிறவன்தான் கூடாதவன்" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொன்னது ஏனென்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

பயந்தவர் என்று எழுதிவிட்டு அவருடைய நற்குணத்தை மறைத்தால் எனக்குப் பாவம் வரும். இந்த ஒழுங்கைகளில் அப்பா கை வைக்காத கதவு இல்லை. மழைக்கு ஊதிப்போன யன்னலோ, பூட்டு உடைந்த வாசலோ, கூப்பிட்ட குரலுக்குப் போவார். யாரிடமும் கைநீட்டி வாங்கமாட்டார். சிசிலிக்காரக் கிழவிகள் அவரைப் பெயர் தெரியாமலேயே வாழ்த்தினார்கள். உங்கள் எல்லோருடைய வீட்டுத் தாழ்ப்பாளும் அவர் பொருத்திய தாழ்ப்பாள்தான், நினைத்துப் பாருங்கள்.

நான் தாதியர் தேர்வில் தெரிவானபோது பெயர்ப் பட்டியலை இணையத்தில் போட்டார்கள். சில மாதங்கள் கழித்து ஜேர்மனியிலிருந்து ஒரு முதியவர் எனக்கு எழுதினார். தானும் ஃபுர்ட்வார்ட் என்றும், ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பெயரின் மூலத்தைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், பலெர்மோவுக்கு வரவிருப்பதாகவும், அப்பாவைச் சந்திக்கலாமா என்றும் கேட்டிருந்தார். நான் மகிழ்ச்சியோடு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா கேட்டது ஒன்றேயொன்று. "தம்பியைப் பத்தியும் கேட்டானா?"

"ஓம் அப்பா. குடும்பத்தில ஆர் ஆர் இருக்கினம், எங்கை இருக்கினம் எண்டு கேட்டிருக்கிறார்."

அப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அந்த முதியவர் வந்து இறங்கிய நாளன்று காலையில் அப்பாவைக் காணவில்லை. கைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவும் நானும் பட்ட பாட்டை எழுதத் தேவையில்லை. உங்களிற் பலரை அன்று அழைத்துக் கேட்டோம். கடைசியில் சியாகுல்லியில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் பேசினார். அப்பா அங்கே தோட்டத்துக் கருவிக் கொட்டிலில் இருக்கிறாராம். சாப்பிட மறுக்கிறாராம்.

நான் போனபோது அப்பா கொட்டில் வாசலைப் பார்த்தபடி ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். பிந்திப் பழுக்கும் மன்டரின் காலம். வெளியே ஆட்கள் பழம் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"வந்தவன் போயிட்டானா?"

"இல்லை அப்பா. ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில தங்கியிருக்கிறார். நான் கண்டு கதைச்சனான். வயசான, மரியாதையான மனிசன்."

"அவனும் மரியாதையாத்தான் கேட்டவன், மகள்."

அன்றுதான் அப்பா சொன்னார். போர்க்காலத்தில், ஒருவன் அலுமாரி செய்வதற்கு ஓடர் கொடுக்கப் பட்டறைக்கு வந்திருக்கிறான். வாசலில் தொங்கிய பெயர்ப் பலகையைப் பார்த்து, இது என்ன பெயர், கேள்விப்பட்டதே இல்லையே என்று சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறான். இளவயது அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த நாடு முழுக்கத் தேடினாலும் இந்தப் பேரில ரெண்டு ஆம்பிளயள்தான். நானும் தம்பியும்" என்றிருக்கிறார். தம்பி எங்கே என்று அவன் கேட்க, அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறான் என்று ஆலையின் பெயரையும் சொல்லியிருக்கிறார். வந்தவனுக்குத் தேநீரும் கொடுத்திருக்கிறார். ஒரு கிழமைக்குள் ஆலைக்கு ஆட்கள் வந்து, அந்தக் கடினமான பெயரைப் பிழையில்லாமல் சொல்லி, சித்தப்பாவைக் கூட்டிச்சென்றார்கள். அவர்கள் யார், ஏன் கூட்டிச்சென்றார்கள் என்று இன்றுவரை தெரியாது. அலுமாரிக்கு ஆள் வரவேயில்லை. அப்பா பெயர்ப் பலகையைக் கழற்றிக் குப்புறப் போட்டார்.

"வேற பேரா இருந்தா நாட்டில நூறு பேர் இருப்பாங்க, மாறிப் போயிருக்கும். எங்கட பேரில மாறிப்போக ஆளில்ல" என்றார்.

அப்பா பிழை செய்யவில்லை என்று சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. அம்மா வீட்டில் தனியே இருக்கிறாரா என்று கேட்டார். ஓம் என்றேன். சட்டென்று எழுந்தார். "அவன் வாசலுக்கு வந்தா அவ தனியா நிப்பா. வா, போவம்" என்றார். பயம் தீர்ந்து வந்தவரல்ல அப்பா. பயத்தோடேயே வந்தவர். அதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் பிற்பகல் அந்த முதியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கதவைப் பார்த்த கதிரையில் இருந்தார். முதியவர் கைநீட்டினார். அப்பா கைகொடுக்கவில்லை.

"முதல்ல அவர்ட பாஸ்போட்டைக் காட்டச் சொல்லு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தயங்கித் தயங்கி இத்தாலியனில் சொன்னேன். முதியவர் கோபிக்கவில்லை. உடனே எடுத்து நீட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அப்பாவின் பெயரிலுள்ள அதே எழுத்துகள். தம்பி போனபிறகு வேறொரு மனிதனிடம் அந்தப் பெயரை அவர் பார்ப்பது அன்றுதான் முதல்முறை. கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. முதியவர் புறப்படும்வரை மடியில் வைத்திருந்தார்.

முதியவர் பெயரின் கதையைச் சொன்னார். ஆறு ஆழம் குறைந்து ஆட்கள் நடந்து கடக்கும் துறைக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல். காவல் நிற்பவனுக்கு ஒரு சொல். இரண்டும் சேர்ந்ததுதான் ஃபுர்ட்வார்ட். துறையில் நின்று, கடப்பவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று விசாரித்து, வரி வாங்கிக்கொண்டு விடுகிறவன். அப்படிக் காவல் நிற்பவனை இந்தப் பெயரால் அழைத்தது ஒரேயொரு ஊரில்தானாம். அந்த ஊர் பழைய போரொன்றில் எரிந்துபோனது. தப்பியவர்கள் சிதறினார்கள். அதனால்தான் இந்தப் பெயர் இவ்வளவு அரிது என்றார்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அப்பா மடியிலிருந்த கடவுச்சீட்டை மறுபடி திறந்து பார்த்தார்.

"அப்ப நாங்கதான் சென்றிப் பொயின்ற்காரரா?" என்றார்.

அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சோதனைச் சாவடி என்றால் பயந்து ஒதுங்கும் மனிதனுக்குச் சோதனைச் சாவடிக்காரன் என்று பெயர். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்குமுன்னே முதியவர் ஒரு பெரிய தாளை விரித்தார். குடும்ப மரம். இறந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிறு சிலுவை. அப்பாவின் பெயர் இருந்தது. அருகே, நான் முன்பு சொல்லியிருந்த சித்தப்பாவுக்கென ஒரு வெற்றிடம்.

"தம்பி இருக்கிறாரா, இறந்துவிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆருக்குக் குடுக்கப் போறாராம் இதை எண்டு கேள்."

முதியவர் பேனாவை மூடி வைத்தார். தங்கள் நாட்டிலும் ஒருகாலம் பரம்பரையைக் காட்டு என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள் என்றார். தாயாரின் பக்கத்து உறவினர்கள் தாங்கள் யூதர் என்ற உண்மையைச் சொன்னார்கள். கூட்டிச்செல்லப்பட்ட அவர்கள் திரும்பி வரவில்லை. கேட்பவனைக் கண்டு பயப்படுகிறவரை எனக்கு விளங்கும் என்று சொல்லி, தாளை அப்பாவின் பக்கம் தள்ளினார். "இது உங்களிடமே இருக்கட்டும்."

அப்பா தாளை மடித்தார். "தம்பிக்குச் சிலுவை போடவேணாம். சும்மா விடுங்க" என்றார். பிறகுதான் கைகொடுத்தார்.

அதன்பிறகும் ஒரு கிழமைக்கு அப்பா நித்திரை கொள்ளவில்லை. போனமுறை ஒரு கிழமைதான் எடுத்தது என்பது அவருடைய கணக்கு. கிழமை கடந்தது. யாரும் வரவில்லை. ஜேர்மனியிலிருந்து நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வந்தது, அதுவும் கீழ்வீட்டுக்குப் போய்ச் சுற்றி வந்தது.

சென்ற ஆண்டு அப்பாவின் இருதயம் தளர்ந்தது. வைத்தியசாலையில் தாதியர் அவருடைய குடும்பப் பெயரை உரக்கக் கூப்பிட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். நான் போய்ச் சொல்லி, தாத்தா என்ற பொருளில் 'நொன்னோ' என்று கூப்பிட வைத்தேன். கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தார்.

"அந்தக் கிழவன் எங்கயோ இருந்து பேரை வச்சே எங்களைத் தேடிப் பிடிச்சவன் எல்லோ, மகள்?"

"ஓம் அப்பா."

"அப்ப தம்பியும் பிடிக்கலாம். மணியில பேரை எழுதிப் போடு."

"இண்டைக்கே போடுறன்."

"ஐயோ, இப்ப வேணா. நான் இருக்கக்குள்ள வேணா. எனக்குப் பயம். நான் போனாப்பிறகு போடு."

மரண அறிவித்தல் எழுதியபோது, ஊரிலிருந்து பெரியம்மா அழைத்து, சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடாதது பிழை என்றார். இத்தனை வருஷமாச்சு, ஊர் என்ன சொல்லும் என்று அழுதார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. போடவில்லை. இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் உள்ள குடும்ப மரத்திலும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. அச்சுப்பிழை அல்ல.

அப்பாவின் நோயில் இரவு பகலாக நின்றவர்களுக்கும், சமைத்து அனுப்பியவர்களுக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த குருவானவருக்கும், சியாகுல்லியில் அன்று அப்பாவுக்கு இடம் கொடுத்த நண்பருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும், ஜேர்மனியிலிருந்து தள்ளாத வயதில் வந்து முன்வரிசையில் அழுத பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இனி நீங்கள் ஒழுங்கையில் நின்று கூப்பிடத் தேவையில்லை. மணியில் பெயர் எழுதிப் போட்டிருக்கிறோம். அது அடிக்கும் ஒவ்வொரு முறையும் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். பயமாகத்தான் இருக்கிறது. போய்த் திறக்கிறோம்.

சித்தப்பா, யார் கைமாறியாவது இம்மலர் உங்களிடம் வந்து சேர்ந்தால், பல்லாரோச் சந்தைக்குப் பின்னால் வாருங்கள், மூன்றாம் மாடி. பலெர்மோவில் அந்தப் பெயர் வேறெந்த மணியிலும் இல்லை. மாறிப்போக வழியில்லை.