வயது குறைந்த செடி

“நான் இல்லாத பத்து நாள்ல இதுக்கு வயசு குறைஞ்சிருக்கே,” என்றாள் அண்ணி. தோளில் இருந்த பையை இன்னும் இறக்கவில்லை.

“நல்லா பார்த்துக்கிட்டோம்ல,” என்றான் அண்ணன், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

“அதான் தெரியுதே. கீழ் இலையில இருந்த பென்சில் ஓட்டைகூட அடைஞ்சுபோச்சு.”

“செடிக்கு அதெல்லாம் தானா ஆறிடும்.”

அண்ணி, கதவோரம் நின்ற அண்ணனின் தங்கை பக்கம் திரும்பினாள். “நீ சொல்லும்மா. உங்க அண்ணன் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறார். நீயும் கரண்டி பிடிச்சியா?”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. “அழுகிப்போச்சு அண்ணி. தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தினேன். அண்ணன்தான் அதே மாதிரி வேற வாங்கிட்டு வந்தார்.”

“போட்டுக் கொடுத்துட்டா பாரு,” என்றான் அண்ணன்.

“பழசு எங்கே?”

“பின்பக்கம், உடைஞ்ச வாளியில.”

அண்ணிக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஜன்னலே இல்லாத மருத்துவமனை நடையில், ஒற்றைக் குழல்விளக்கின் கீழ் பதினான்கு வருடம் அந்தச் செடியை வைத்திருந்தாள். அகன்ற இலைகள், நடுவில் சாம்பல் பூசியதுபோல் வெளிறிய திட்டு. பயந்து நெளியும் குழந்தைகளிடம், “அந்தச் செடி ஆடுதா பாரு. அது மாதிரி நில்லு,” என்பாளாம். அப்படி நின்ற ஒரு வாண்டுதான் போகும்போது இலையில் பென்சிலால் குத்திவிட்டுப் போனது. புதுக் கட்டடம் முழுக்கக் கண்ணாடியும் வெயிலுமாக வந்தபோது, “இதுக்கு அங்கே சரிப்படாது,” என்று வீட்டுக்குத் தூக்கிவந்தாள். பக்கத்துக் கட்டடத்தின் சுவரை மட்டுமே பார்க்கும் கூடத்து ஜன்னலருகில் அது சௌக்கியமாக இருந்தது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் ஊற்றுவாள். தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், “செடியைப் பார்த்துக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். தங்கையும் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். வெயில் படாத இடத்தில் மண் காயவே இல்லை.

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது தங்கைக்கு. வாளியிலிருந்து செடியை எடுத்து, தண்டைக் கட்டைவிரலால் அடியிலிருந்து அழுத்திக்கொண்டே போனாள். கொழகொழவென்று இருந்ததையெல்லாம் பிளேடால் நறுக்கித் தள்ளினாள். கடைசியில் ஒரு விரல் நீளம், இரண்டு இலை. உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது.

“உள்ளே நல்லா இருக்கு,” என்றாள், ரிப்போர்ட் சொல்லும் குரலில். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுப் புத்தக அலமாரியில் வைத்தாள். புதுச் செடியையும் விரட்டவில்லை. “அது என்ன பாவம் பண்ணிச்சு?”

தினம் வேலைக்குப் போகும்முன் தங்கை அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். ஐந்தாவது வாரம் நூல்போல ஒரு வேர் தெரிந்தது. அதை அண்ணியிடம் சொல்ல ஓடியபோது செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்ததை இன்றும் அண்ணன் சொல்லிக் காட்டுவான்.

நான்கு வருடம் கழித்து அண்ணனுக்கு மாற்றலாகி வீடு காலியானது. புதுச் செடி லாரியில் ஏறியது. பழையதை அண்ணி மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் இலைகளைத் துடைத்தாள். பிறகு, வேலைக்காக இங்கேயே தங்கும் தங்கையின் கையில் கொடுத்தாள்.

“இதை நீ வச்சுக்கோ. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். வாடிப்போனா வாடிப்போச்சுன்னு சொல்லிடு. அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி வச்சு, நான் வர்றப்போ காட்டாதே.”