வெள்ளைக்குக் கீழே சிவப்பு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மச்சான்; அடுப்படி நிலையில் சாய்ந்தபடி அவர் மனைவியான என் அக்கா; மடக்கு நாற்காலியில், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கோரிப்பாளையத்து பாய்; தரையில் நான். நடுவில் ஓர் அட்டைப்பெட்டி. அதன் மூடியில் ஒரு வெளிநாட்டுக் காரின் படம். உள்ளே அதே கார் சிவப்புப் பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாகக் கிடந்தது. உடம்பு மட்டும் ஒரே வார்ப்பு. சக்கரம், சீட், ஸ்டியரிங் எல்லாம் தனித்தனி. ஒட்டிச் சேர்த்துப் பெயிண்ட் அடித்துக்கொள்வது நம் பாடு.

“அங்க புள்ளைங்க இதை ஒட்டி வச்சு விளையாடுதுங்கண்ணே. உங்க புள்ளைக்குக் குடுங்க” என்றார் பாய். ஊருக்கு வரும்போதெல்லாம் மச்சானின் டாக்ஸியைத்தான் பிடிப்பார். ஆனால் மச்சானுக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியாது. யாராவது ஏதாவது சொல்லி யாருக்காவது முகம் வாடிவிடுமோ என்று பயப்படுவதே என் பிறவிக் குணம். அக்காதான் காப்பாற்றினாள்.

“இந்த வீட்டுல புள்ளையும் இவருதான் பாய். குடுங்க, அழுவாம விளையாடட்டும்.”

மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் சிரிப்பு அப்படித்தான், ஹாரன் மாதிரி இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மச்சானுக்குச் சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அவருடைய வெள்ளை அம்பாசிடரை அப்போதுதான் விற்றிருந்தார்கள். விற்ற அன்று வாங்கியவனிடம், “ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு புடிக்கும், அதட்டாதீங்க” என்று மட்டும் சொன்னார். இந்தப் பெட்டி வந்ததும் அவருக்கு ஒரே ஆசை பிடித்துக்கொண்டது. அக்கா துண்டுகளை எடுத்துக் கொடுக்க, கண்ணருகே கொண்டுபோய்த் தடவித் தடவித் தாமே ஒட்டினார். ஒட்டி முடித்து என்னிடம் காட்டினார்.

“வெள்ளை அடிச்சுக் குடு மாப்ள. மூக்கு வேற மாதிரி இருந்தாலும் வெள்ளை அடிச்சா நம்ம வண்டிதான். கண்ணு முழுசா அடைக்கிறதுக்குள்ள ஒருவாட்டி பாத்துக்கிறேன்.”

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அவனியாபுரத்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு ஷெட்டில் இருந்தேன். தகரத்தில் அடித்துப் பழகிய கை. பிளாஸ்டிக் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கும் தெரியாது, எங்கள் மேஸ்திரிக்கும் தெரியாது. நல்லவேளை, என் பயம் உதவியது. துண்டுகளைப் பிய்த்தெடுத்த பின் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் அடித்துப் பார்த்தேன். கார்களுக்கு அடிக்கும் பெயிண்டில் கலக்கிற தின்னர், பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. கோடைக் கண்மாய்த் தரைபோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதையே காரில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமலை டர்பன்டைன் விட்டு இளக்கி அடித்தேன். பிளாஸ்டிக் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூரையில் மட்டும் பெயிண்ட் நிற்காமல் வட்ட வட்டமாக விலகி, அம்மைத் தழும்பு மாதிரி ஆயிற்று. மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, “எண்ணெய்க் கை பட்டிருக்குடா” என்றார். ஒட்டிய நாளிலிருந்து நான் ஷெட்டுக்கு எடுத்துப் போகும்வரை மச்சான் அதை மடியிலேயே வைத்திருந்தார். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையால் கூரையைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். அடித்ததை உரித்தாக வேண்டும். உரிக்கத் தின்னர் கூடாது. நான் விழித்துக்கொண்டு நின்றபோது மச்சானே வழி சொன்னார்.

“பிரேக் ஆயில் பானெட்ல சொட்டுனா பெயிண்ட் புடைச்சு வந்துருமே மாப்ள. எத்தனை வண்டியில பாத்துருக்கேன். அதுல ஊறப் போடு.”

போட்டேன். பெயிண்ட் ஏடு ஏடாகக் கழன்றது. பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். இனிமேல் அவர் தொடக்கூடாது என்று அக்கா சட்டம் போட்டாள். “ஓனரே வண்டியத் தொடக்கூடாதாம், கேட்டியா கதைய” என்று அலுத்துக்கொண்டார்.

அடுத்த முறை தழும்பு இல்லை. பால் போல இருந்தது. அது ஐப்பசி மாதம். மழை விடவில்லை, ஈரக்காற்றில் எனாமல் காயவே மாட்டேன் என்றது. தூசி படாமல் கவிழ்த்திருந்த அட்டைப்பெட்டியைத் தினமும் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். அப்படி ஒரு காலை பார்த்தால், வெள்ளை ரோஸ் கலராக மாறியிருந்தது. அடியில் இருந்த பிளாஸ்டிக்கின் சிவப்பு மேலே கசிந்துவிட்டது. மேலே இன்னொரு தடவை வெள்ளை அடித்தால் அதிலும் கசிந்தது.

இதைச் சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். அன்றுதான் அவர்கள் கே.கே. நகர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம் அதைத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சான் கட்டிலிலிருந்து கேட்டார்: “வண்டி என்னாச்சு மாப்ள?”

மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். “சரித்தான். அதுக்கும் எனக்கும் ஒரே வியாதி. டாக்டர் பீஸையும் ஒண்ணாவே குடுத்திருக்கலாம்” என்றார். அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுபடி பிரேக் ஆயில், மறுபடி சோப்பு. இந்தத் தடவை மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார்: இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் சில்வர் பெயிண்டை அடியில் அடித்தால் அந்த அலுமினியப் பொடி ஒரு சுவர் மாதிரி நின்று சிவப்பை அடைக்கும். செய்தேன். மேலே மெல்லிசாக வெள்ளை. ஒரு வாரம் காயவிட்டேன். பயத்தில் இன்னும் ஒரு வாரம் விட்டேன். நிறம் மாறவில்லை. அதைவிட நல்ல வெள்ளையை நான் இன்றுவரை அடித்ததில்லை.

கொண்டுபோய் ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கையில் கொடுத்தேன். முகத்துக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பக்கவாட்டுக் கதவுக் கோட்டில் சுண்டுவிரல் நகத்தை இழுத்துப் பார்த்தார்.

“இன்னும் செவப்பு தெரியுதே மாப்ள.”

வாங்கி வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை. அக்காவும் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிவப்பு காரில் இல்லை என்று இருவருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. அவர் எங்கள் பதிலுக்காகக் கழுத்தைச் சாய்த்துக் காத்திருந்தார்.

“ஆமா மச்சான், லேசாக் கசிஞ்சிருக்கு. மூலையிலதான். இன்னொரு தடவை அடிச்சிருவோம்.”

“அம்புட்டுத்தானே. அடிச்சிரு. நான் எங்க போகப்போறேன்.”

ஷெட்டுக்குக் கொண்டுவந்து துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அடிக்க அதில் ஒன்றும் இல்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒருவேளை கண்ணில் அந்த ரத்தம் வடிந்துவிட்டால், அப்போது காட்டலாம் என்று நாளைக் கடத்தினேன். வடியவில்லை. தை பிறந்து, ஊரெல்லாம் ஜல்லிக்கட்டுக் கூட்டமாக இருந்த நாட்களில் அவருக்கு இரண்டு கண்ணும் முழுசாக அடைத்துவிட்டது.

அதன் பிறகுதான் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

“அடிச்சிட்டியா?”

“அடிச்சிட்டேன் மச்சான்.”

மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தடவினார். பக்கவாட்டில் கதவு இருக்கும் இடத்தில் மயிரிழை அகலத்துக்கு ஓர் இடுக்கு உண்டு. திறக்கிற கதவு மாதிரி தெரிவதற்காக அப்படி வார்த்திருப்பார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் அந்த இடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துவிடும். அவர் சுண்டுவிரல் நகத்தை அதில் வைத்து, மேலிருந்து கீழே இழுத்தார். மறுபடி ஒருமுறை இழுத்தார்.

“நகம் அன்னைக்கு மாதிரியே இறங்குதே. நீ ஒண்ணும் அடிக்கல.”

நான் அடுப்படிப் பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

“அப்ப அன்னைக்கே வெள்ளையாத்தான் இருந்திருக்கு.”

அடுப்படியிலிருந்து அக்காதான் சொன்னாள்: “ஆமாங்க. பால் மாதிரி இருந்துச்சு.”

“ம்ம்” என்றார் மச்சான். நகம் இடுக்கிலேயே இருந்தது. “அப்ப வண்டி மேல ஒரு கொறையும் இல்ல.”

அவர் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. அக்கா அந்தக் காரை என்னிடமே கொடுத்துவிட்டாள். வெளிச்சம் படாமல் பீரோவுக்குள் இருந்ததில் எனாமல் பழுத்து மஞ்சளித்துவிட்டது. எண்ணெய் பெயிண்டின் குணம் அது. இப்போது பிளாஸ்டிக்குக்கென்றே நல்ல பெயிண்ட் டப்பாவில் கிடைக்கிறது. என் மகன், “வாங்கிட்டு வாரேன்ப்பா, ஒரு தடவை அடிச்சா புதுசாயிரும்” என்கிறான். அவன் சொல்வது சரிதான். ஆனால் இன்னும் ஒரு பூச்சு ஏறினால் கதவிடுக்கு தூர்ந்துவிடும். மச்சானின் நகம் இறங்கிய இடம் அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.