என் வீட்டுக்கு நிலை வைத்த நாள்

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். வீடில்லாத குமர்ப் பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். எனக்கொரு வீடு கட்டத்தான், நான் பத்தாம் ஆண்டு படிக்கும்போது, உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். கரைவலை இழுக்கும் வாப்பாவின் உழைப்பு சோற்றுக்கே காணாது.

தம்பியும் தங்கச்சியும் என் தலையில் விழுந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் போனாலே பெரிய காரியம். ஆனாலும் கணக்கு எனக்கு நன்றாக வரும். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குத் தவறினால் மேலே படிக்க முடியாது என்று, தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு அடுப்படியில் கணக்குச் செய்வேன். டீச்சராக வேண்டும் என்று அப்படியொரு ஆசை.

அடுத்த வருடம், உம்மா அனுப்பிய காசில் எழும்பிய புது வீட்டு வாசலுக்கு நிலை வைக்க, வாப்பா பள்ளிவாசல் லெப்பையிடம் நாள் கேட்டு வந்தார். அவர் குறித்துக் கொடுத்தது கணக்குப் பரீட்சை நடக்கும் காலை. பரீட்சைத் திகதிகள் போட்ட நேரசூசி சுவரில்தான் ஒட்டியிருந்தது. வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது.

"வாப்பா, அண்டைக்கு எனக்குக் கணக்குச் சோதினை."

"லெப்பை சொன்ன நாள மாத்த ஏலா புள்ள. உன்ட ஊட்டு நிலை. நீ இல்லாம எப்படி வைக்கிற?"

உம்மா தொலைபேசியில் அழுதார். "சோதினை அடுத்த வருசமும் வரும் மகள். ஊடு இல்லாட்டி உன்னை ஆருகா கேட்டு வருவான்?"

அன்று விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு பாற்சோறு ஆக்கினேன். பள்ளிக்கூட உடுப்போடுதான் அடுப்படியில் நின்றேன். ஏழு மணிக்கு வரவேண்டிய லெப்பை, இன்னொரு வீட்டு நிலையை முடித்துவிட்டு ஒன்பதுக்குத்தான் வந்தார். நிலையை நிறுத்தி அவர் ஓதிய துஆ முடிந்ததும் ஓடினேன். பரீட்சை எட்டரைக்கே தொடங்கியிருந்தது.

"அரைமணித்தியாலத்துக்கு மேல பிந்தினா உள்ளுக்கு எடுக்க ஏலா புள்ள," என்றார் மண்டப வாசலில் நின்றவர். சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வருடப் பரீட்சை வந்தபோது நான் அந்த வீட்டில் மணப்பெண்.

இப்போது என் மகள் பத்தாம் ஆண்டு. அவளுக்குக் கீழே இரண்டு ஆண் பிள்ளைகள். அவளுக்கும் வீடு வேண்டும். கூலி வேலை செய்யும் என் கணவரால் அது முடியாது. பரீட்சை பாஸாகாத எனக்கு இங்கே யார் வேலை தரப் போகிறார்கள்? சவூதியில் சான்றிதழ் கேட்பதில்லை. பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன்.

"என்ட சோதினை முடிஞ்சாப் பொறகு போங்களேன், உம்மா," என்றாள் நேற்று.

"ஊடு இல்லாட்டி உன்னை ஆருகா கேட்டு வருவான்?" என்றேன். சொன்ன வாயில் எனக்கே அறையவேண்டும் போலிருந்தது.

அவள் அழுதுகொண்டிருந்த சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.