வெடி ஓய்ந்த ஏரி

தசரதன் குறி வைத்தால் தப்பாது என்று சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் பேச்சு. நாரையோ மடையானோ ஏரியில் எது இறங்கினாலும் தன் நாட்டுத் துப்பாக்கியால் அடிப்பான். சாக்கில் கட்டி, நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்திய டில்லிபாபுவிடம் கொண்டுபோய்ப் போடுவான். சட்டப்படி குற்றம் என்று தெரியாமல் இல்லை. மழையை நம்பிய காணி அரைவயிற்றுக்குத்தான் கண்டது.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. மறுநாளிலிருந்து ஊர் ஊராகப் போலீஸ்.

"அதக் கொண்டுபோய் எங்கனா கடாசுய்யா! புள்ளைங்க கீதுங்க" என்று மனைவி சின்னப்பொண்ணு அழுதாள். துப்பாக்கியைப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு வந்தபோது தசரதனுக்குக் கை ஒடிந்தாற்போல் இருந்தது. பிறகு ஒரு கம்பெனிக்கு மதில் கட்டும் இடத்தில் கலவை போடப் போனான்.

ஐப்பசி மழையில் ஏரி தளும்பியது. நத்தைகுத்தி நாரைகள் வந்தன. எப்போதும் முதல் வெடிச் சத்தத்திலேயே கலைந்துவிடும் கூட்டம் அது. இந்த முறை வெடி இல்லை. ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் சுள்ளி சேர்த்துக் கூடு கட்டின.

மார்கழியில் டில்லிபாபு வந்தான். "கெடுபிடி எல்லாம் அடங்கிப்போச்சு தசரதா. துப்பாக்கி நான் தர்றேன். மரம் பூரா கீதாமே?"

தசரதன் சரியென்றுதான் போனான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்த்தான். உச்சி வெயில். தாய் நாரை ஒன்று இரண்டு இறக்கையையும் விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் பிடித்தபடி நின்றது. ஆளைப் பார்த்தும் பறக்கவில்லை. இத்தனை வருஷம் சுட்டவன் நாரைக் குஞ்சை அன்றுதான் பார்த்தான்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? அடி!" என்றான் கரையிலிருந்த டில்லிபாபு.

"நவுர மாட்டேங்குதுண்ணா. குஞ்சு வெச்சிகினு கீது."

"நவுராட்டி நல்லதாப் போச்சு!"

"எனக்குக் கை வரல. துப்பாக்கிய எடுத்துகினு போண்ணா. வேற எவன இட்டாந்தாலும் கரையில நான் நிப்பேன்."

டில்லிபாபு வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். அப்புறம் வரவில்லை.

அந்த வாரம் அடித்த காற்றில் குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து கரையோரம் விழுந்து கிடந்தது. தசரதன் அதை இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டு முள்மரத்தில் ஏறினான். கூட்டில் விட்டதும் அது தின்ற நத்தையை எல்லாம் அவன் தலையில் கக்கியது.

"இன்னாய்யா இந்த நாத்தம்! வூட்டுக்குள்ள வராத" என்று சின்னப்பொண்ணு வாசலிலேயே தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போதே சிரித்துவிட்டாள்.

அடுத்த மழைக்கு வந்த கூட்டத்துக்குக் கருவேல மரங்கள் போதவில்லை. ஊருக்குள் இருந்த புளியமரத்திலும் ஏறிவிட்டன. எதிர்வீட்டுச் செல்லம்மாள் சண்டைக்கு வந்தாள்.

"உன் நாரைங்க என் துணி மேல எல்லாம் எச்சம் போடுது. இன்னான்னு கேளு!"

தசரதன் அவளுடைய துணிக்கொடியை அவிழ்த்து, மரத்துக்கு அந்தண்டை இழுத்துக் கட்டிக் கொடுத்தான்.